ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு: டிஸ்சார்ஜ் சம்மரியில் எதைப் பார்ப்பது, எப்படிப் புரிந்துகொள்வது

இதய வார்டுக்கு வெளியே நிற்கிற குடும்பத்தார் டாக்டரைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். "எத்தனை அடைப்பு சார்?" "இனிமே பயமில்லையே?" டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு மருந்துச் சீட்டை விளக்கிச் சொல்வது என் வேலை என்பதால் இந்த இரண்டையும் தினமும் கேட்கிறேன். முதல் கேள்விக்குக் கிடைக்கிற பதிலை மட்டும் வைத்து, வரப்போகிற ஒரு வருஷம் எப்படி இருக்கும் என்று பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. இரண்டாவது கேள்விக்கான பதிலோ கையில் கொடுத்திருக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்றுதான் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை.

அரசு மருத்துவமனையோ தனியாரோ, தாள் வேறாக இருந்தாலும் அதில் வருகிற சொற்கள் ஒன்றேதான். பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு, நான் சொல்கிற இடங்களை வட்டமிட்டுக்கொண்டே வாருங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்த வட்டங்களிலிருந்தே வந்துவிடும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அடைப்பின் எண்ணிக்கை ஏன் போதாது? வாய்க்காலில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பதைவிட, தண்ணீர் நின்ற நேரத்தில் எவ்வளவு பயிர் காய்ந்தது என்பதுதான் அந்த வருஷத்து விளைச்சலைச் சொல்லும். இதயமும் அப்படித்தான். ரத்தக்குழாய் திடீரென்று மூடிக்கொண்டால் அதன் கீழே இருக்கிற தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே போகும். ஒரே ஒரு அடைப்பு, ஆனால் எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தது என்றால் சேதம் பெரிது. மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தும் தசை முழுசாகப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அடைப்பின் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை, மூன்று குழாய் நோய் என்றால் அடுத்த அட்டாக்குக்கான வாய்ப்பு கூடுதல்தான், பைபாஸா ஸ்டென்ட்டா என்று முடிவு செய்யவும் அது வேண்டும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதை அல்ல.

முதல் வட்டம்: எந்த வகை அட்டாக்

'டயக்னோசிஸ்' என்ற தலைப்பின் கீழே ஸ்டெமி என்றோ என்-ஸ்டெமி என்றோ எழுதியிருக்கும். ஸ்டெமி என்றால் பெரும்பாலும் ஒரு குழாய் முழுசாக அடைபட்டு, இ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். என்-ஸ்டெமியில் அந்தத் தூக்கல் இருக்காது, குழாய் பெரும்பாலும் பாதியோ முக்காலோ அடைபட்டிருக்கும், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் வெளியே கசிகிற புரதம்) மட்டும் ஏறியிருக்கும். இதைத்தான் வீட்டில் "சின்ன அட்டாக்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்வேன்.

காரணம் இதுதான். இந்தியாவில் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்த கிரியேட் ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வந்தது. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஸ்டெமியில் 8.6 சதவீதம், என்-ஸ்டெமியும் நிலையற்ற ஆஞ்சைனாவும் (தசை சாகும் அளவுக்குப் போகாத, அட்டாக்குக்கு முந்தைய நிலை நெஞ்சுவலி) சேர்ந்த பிரிவில் 3.7 சதவீதம். இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது வகை நிஜமாகவே சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று நீட்டிப் பார்க்கிற ஆய்வுகளில் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது, பல இடங்களில் என்-ஸ்டெமி வந்தவர்களே அதிகம் இறக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் பொதுவாக வயதில் மூத்தவர்கள், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, பல குழாய்களில் அடைப்பு, பழைய அட்டாக் எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஸ்டெமியில் ஆபத்து முன்னால் குவிந்திருக்கிறது, என்-ஸ்டெமியில் அது பின்னால் பரவிக் கிடக்கிறது. ஸ்டெமி என்றால் முதல் மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். என்-ஸ்டெமி என்றால் அந்தக் கவனத்தை வருஷக்கணக்கில் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

வகைப்பாடு இதோடு முடியவில்லை. 2018-இல் வந்த நான்காவது உலகளாவிய வரையறை ஹார்ட் அட்டாக்கை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. நம் வீட்டுக்குத் தேவைப்படுவது முதல் இரண்டுதான். டைப் 1 என்றால் குழாயின் உள்ளே இருக்கிற கொழுப்புப் படிவு வெடித்து அதன் மேல் ரத்தம் உறைந்தது, நாம் வழக்கமாக அட்டாக் என்று சொல்வது. டைப் 2 என்றால் இதயத்துக்கு வேண்டிய ஆக்சிஜனுக்கும் கிடைக்கிற ஆக்சிஜனுக்கும் பொருத்தமில்லாமல் போனது. கடுமையான ரத்தசோகை, உடம்பு முழுக்கப் பரவின கிருமித்தொற்று, தறிகெட்டு ஓடுகிற இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் தரைக்கு இறங்கினது, இப்படி வேறொன்று காரணமாக இருக்கும். நிமோனியாவுக்காகச் சேர்த்த பெரியவருக்கு ட்ரோபோனின் ஏறினால் பெரும்பாலும் இந்தக் கதைதான். "ஸ்டென்ட் வைக்கலையா? ஏன் வைக்கலை?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே சரிசெய்ய வேண்டியது மூல காரணத்தை. அதே சமயம், ஸ்டென்ட் வைக்கவில்லை என்பதால் லேசான விஷயம் என்று நினைத்துவிடவும் கூடாது. எடின்பரோவில் நடந்த ஓர் ஆய்வில், டைப் 2 வந்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், டைப் 1 வந்தவர்களைவிட அதிகம். பெரும்பாலான இறப்புகள் இதயம் அல்லாத காரணங்களால் வந்தவை. அதனால் டைப் 2 என்று எழுதியிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நோய் இதை வரவழைத்தது, அதற்கு யாரிடம் தொடர்ந்து காட்டணும்?" என்பது.

இன்னொன்று உண்டு, ஆஞ்சியோவில் 'நார்மல் கரோனரிஸ்' என்று வந்துவிடுவது. நூறு அட்டாக்கில் ஏறக்குறைய ஆறு பேருக்கு இப்படி. பெண்களிடமும் வயது குறைந்தவர்களிடமும் கூடுதலாகப் பார்க்கிறோம். வீட்டில் எல்லோரும் "ஒண்ணுமில்லை, கேஸ்தான்" என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. குழாய் இழுத்துப் பிடித்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத சின்ன வெடிப்பில் உறைந்த கட்டி கரைந்திருக்கலாம், குழாயின் சுவர் உள்ளுக்குள் கிழிந்திருக்கலாம் (நடுத்தர வயதுப் பெண்களிடம் இது வரும்; பெரும்பாலும் தானே ஆறிவிடும் என்பதால் ஸ்டென்ட் வைக்கத் தயங்குவார்கள்), அல்லது இதயத் தசையின் அழற்சி அட்டாக் மாதிரி வேஷம் போட்டிருக்கலாம். காரணத்தைப் பொறுத்து மருந்து மாறும். "கார்டியாக் எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

எந்தச் சுவர், எத்தனை மணிக்கு

ஸ்டெமி என்றால் அதன் பக்கத்திலேயே ஏ.டபிள்யூ.எம்.ஐ. என்றோ ஐ.டபிள்யூ.எம்.ஐ. என்றோ போட்டிருப்பார்கள். முதலாவது முன்சுவர், இரண்டாவது அடிச்சுவர். முன்சுவருக்கு ரத்தம் கொடுக்கிற எல்.ஏ.டி. குழாய் இடது கீழறையின் பெரும்பகுதிக்குப் பொறுப்பு, அதனால் முன்சுவர் அட்டாக்கில் சேதம் பொதுவாகப் பெரிது, பம்ப் பலவீனமாகிற வாய்ப்பும் கூடுதல், இதயத்தின் நுனியில் ரத்தக்கட்டி சேர்கிற ஆபத்தும் உண்டு. எக்கோ ஸ்கேனில் 'எல்.வி. கிளாட்' (இடது கீழறையில் ரத்தக்கட்டி) என்று இருந்தால் சில மாதங்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கிற கூடுதல் மருந்து கொடுப்பார்கள். அதை எப்போது நிறுத்துவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பல வீடுகளில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது ஒரு மாதத்திலேயே நின்றுபோயிருக்கும்.

அடிச்சுவர் அட்டாக் பொதுவாக இதைவிட நன்றாகத் தேறும். ஒரு விதிவிலக்கு, வலது கீழறையும் சேர்ந்து அடிவாங்கியிருந்தால் ஆரம்ப நாட்களில் ரத்த அழுத்தம் பொத்தென்று விழும். நாக்குக்கு அடியில் வைக்கிற ஸார்பிட்ரேட்டை அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நெஞ்சுவலி என்று யார் சொன்னாலும் கையில் இருக்கிற ஸார்பிட்ரேட்டை நீட்டுகிற பழக்கம் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அடிச்சுவர் அட்டாக்கில் இதயத்துடிப்பு குறைந்து தற்காலிக பேஸ்மேக்கர் வைத்திருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். முன்சுவர் அட்டாக்கில் அதே மாதிரி துடிப்பின் மின்சாரப் பாதை தடைபட்டால் அது வேறு கதை, நிறைய தசை போயிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, நேரம். எல்லாவற்றிலும் நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். சம்மரியில் 'விண்டோ பீரியட்' என்று ஒரு வரி இருக்கும். வலி ஆரம்பித்ததிலிருந்து சிகிச்சை ஆரம்பித்தது வரை எத்தனை மணி நேரம் என்பது அது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி (ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ்) முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும், பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் பொதுவாகப் போட மாட்டார்கள். பலூன் வைத்துத் திறக்கிற சிகிச்சை இதைவிட மேல், ஆனால் அதற்கும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் முன்பு சொன்ன கிரியேட் ஆய்வில் வலி வந்ததிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்க ஆன இடைநிலை நேரம் 360 நிமிஷம். ஆறு மணி நேரம். மருத்துவமனைக்குள் வந்த பிறகு ஊசி போட ஆனது 50 நிமிஷம்தான். அதாவது தாமதத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, வீட்டில், சோடாவிலும் ஓமத்தண்ணியிலும் ஜெலூசிலிலும், "விடியட்டும் பார்த்துக்கலாம்" என்பதிலும், பெரியவர் வந்து முடிவு சொல்லட்டும் என்று காத்திருப்பதிலும் போயிருக்கிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது, அதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழைகளில் 8.2 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள், வசதியானவர்களில் 5.5 சதவீதம். கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்து பார்த்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஏழைக்கு மோசமான இதயம் இல்லை, அவருக்கு ஊசியும் மாத்திரையும் குறைவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இது மாற்ற முடியாத விதியும் அல்ல. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் 108 ஆம்புலன்ஸையும் ஒரே வலைப்பின்னலாகக் கட்டி, சிறிய இடத்திலேயே ஊசி போட்டுவிட்டு அடுத்து ஆஞ்சியோவுக்கு அனுப்புகிற ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். 2017-இல் வெளியான அதன் முடிவில், ஸ்டெமி நோயாளிகளின் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊரில் எந்த நிலையத்தில் இரவிலும் இ.சி.ஜி. எடுப்பார்கள் என்று இன்றே விசாரித்து வையுங்கள். ஒரு அட்டாக் வந்த வீட்டில் இன்னொன்று வரலாம் என்பதால் சொல்கிறேன்.

பெரிய வட்டம்: இ.எஃப்.

எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று ஒரு சதவீதம் இருக்கும். இடது கீழறையில் நிரம்பின ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பது. நூறு வராததைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஆரோக்கியமான இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும். "அப்பாவுக்கு 50 பர்சென்ட் இதயம்தான் வேலை செய்யுது" என்று அழுதுகொண்டு ஊருக்குப் போன் போட்ட மகளை எனக்குத் தெரியும். 50 என்பது ஏறக்குறைய நல்ல எண்.

40-உம் அதற்குக் கீழும் என்றால் கவனம் வேண்டும். அட்டாக்குக்குப் பிறகு யார் நீண்ட நாள் இருப்பார்கள், யாருக்கு இதயச் செயலிழப்பு வரும், யாருக்குத் திடீரென்று தாறுமாறான துடிப்பு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்கிறவற்றில் மிக வலுவான எண்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் எண்ணோடு 'மாடரேட் எல்.வி. டிஸ்ஃபங்ஷன்' என்றோ 'சிவியர்' என்றோ வார்த்தையும் இருக்கும். 'அடிக்வேட்' என்று இருந்தால் நல்ல செய்தி.

ஆனால் முதல் எக்கோவில் வருகிற எண் கடைசித் தீர்ப்பு அல்ல. அட்டாக்கில் செத்துப்போன தசையோடு, சாகாமல் மரத்துப்போய்க் கிடக்கிற தசையும் இருக்கும். குழாய் திறந்து ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகு அது சில வாரங்களில் மெல்ல விழித்துக்கொள்ளும். 35-இல் வீட்டுக்குப் போனவர் 45-ஓடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன், மாத்திரையை விட்டுவிட்டு 28-ஓடு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் இரண்டாவது எக்கோ அவசியம். நாற்பது நாள் கழித்தும், ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்திருந்தால் மூன்று மாதம் கழித்தும், நல்ல மருந்து கொடுத்தும் 35-ஐத் தாண்டவில்லை என்றால், திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சுக்குள் பொருத்துகிற ஐ.சி.டி. கருவி பற்றி டாக்டர் பேசுவார். அவர் பேசாவிட்டால் நீங்கள் பேச்சை எடுங்கள். இந்த இரண்டாவது எக்கோவைத்தான் நம் ஆட்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். வலி இல்லை, நடக்க முடிகிறது, எதற்கு வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள்.

சேர்த்த அன்றைக்கு எப்படி இருந்தார்

'கில்லிப் கிளாஸ்' என்று ரோமன் எண்ணில் ஒன்றிலிருந்து நான்குவரை ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். 1967-இல் கில்லிப், கிம்பால் என்ற இரு மருத்துவர்கள் 250 நோயாளிகளைப் பார்த்து எழுதியது, இன்றைக்கும் வேலை செய்கிறது. ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து நுரையீரலைக் கேட்டாலே போதும். ஒன்று என்றால் நுரையீரல் சுத்தம். இரண்டு என்றால் அடிப்பகுதியில் நீர் சேர்ந்த சத்தம். மூன்று என்றால் நுரையீரல் முழுக்க நீர் கோத்து மூச்சுத்திணறல். நான்கு என்றால் ரத்த அழுத்தம் விழுந்து கைகால் சில்லிட்ட ஷாக் நிலை. அந்தக் காலத்தில் இந்த நான்கு படிகளிலும் இறப்பு 6, 17, 38, 81 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போனது. இன்றைக்கு எண்கள் எல்லாம் குறைந்துவிட்டன, ஆனால் படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. ஷாக்கில் வந்தவர்களில் இன்றும் பாதிக்குப் பாதி பிழைப்பதே பெரும்பாடு.

நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்று டாக்டர்கள் கணக்குப் போடுகிற கிரேஸ் ஸ்கோரில் இந்தக் கில்லிப் கிளாஸும் ஒன்று. மற்றவை: வயது, சேர்த்தபோது இருந்த நாடித்துடிப்பு, மேல் ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை), வரும்போதே இதயம் நின்று மீண்டதா என்பது, இ.சி.ஜி. மாற்றம், ட்ரோபோனின் ஏற்றம். மொத்தம் எட்டு. இந்த எட்டில் அடைப்பு எத்தனை என்ற கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? என்-ஸ்டெமியில் இந்த ஸ்கோர் 140-ஐத் தாண்டினால் ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ செய்வது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல்.

கிரியாட்டினினை நீங்களே வட்டமிடுங்கள். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு இதயமும் சீக்கிரம் தளர்கிறது, மருந்தின் அளவும் மாறும். ஹீமோகுளோபினையும் பாருங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கிற இரண்டு மாத்திரை போகிறவருக்கு ரத்தசோகை இரட்டிப்பு ஆபத்து. எச்.பி.ஏ.1.சி.யும் (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) இருக்க வேண்டும். இல்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அடுத்த அட்டாக் வலியே இல்லாமல் வரலாம், வெறும் வியர்வை, இளைப்பு, காரணமில்லாத அசதி மட்டும் இருக்கும். பெண்களுக்கும் இப்படி வருவதுண்டு, அவர்கள் சொன்னாலும் வீட்டில் காதில் வாங்குவதில்லை.

இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

கற்பனையாகத்தான், ஆனால் வாரம் தவறாமல் பார்க்கிற ஜோடி. ஒருவருக்கு வயது 54, புகைப்பவர், முன்சுவர் ஸ்டெமி, வலி வந்து ஐந்து மணி நேரம் கழித்து ஊசி, மறுநாள் எல்.ஏ.டி.யில் ஒரு ஸ்டென்ட், கில்லிப் இரண்டு, இ.எஃப். 38, கிரியாட்டினின் 0.9. பக்கத்துக் கட்டிலில் 71 வயது அம்மா, என்-ஸ்டெமி, பதினைந்து வருஷச் சர்க்கரை, கிரியாட்டினின் 1.9, ஹீமோகுளோபின் 9.2, மூன்று குழாயிலும் அடைப்பு, இ.எஃப். 55.

முதல் குடும்பம் கலங்கிப்போய் நிற்கும். இரண்டாவது குடும்பம் சின்ன அட்டாக் என்று ஆறுதலாக இருக்கும். முதல் மாதத்தைப் பொறுத்தவரை அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு, 54 வயதுக்காரருக்குத்தான் அபாயம் அதிகம். ஆனால் அவருக்கு வயது பக்கபலமாக இருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, சிகரெட்டை விட்டாலே இறப்பு அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். எந்த மாத்திரைக்கும் சளைக்காத லாபம் அது. மூன்று மாதத்தில் இ.எஃப். ஏறினால் அவர் நன்றாகவே வாழலாம். அந்த அம்மாவுக்கோ இரண்டாவது வருஷத்தில், மூன்றாவது வருஷத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். மறுபடி அட்டாக், ரத்தக்கசிவு, சிறுநீரகம் கைவிடுவது. அவர் வீட்டில் எழுதி ஒட்டி வைக்க வேண்டியவை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின், ஹீமோகுளோபின், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற வலிமாத்திரைக்குத் தடா, பைபாஸ் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடாமல் முடித்துவிடுவது.

இனி உங்கள் கையில் இருப்பது

மேலே சொன்னவற்றில் வயதையும் நேரத்தையும் இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியவற்றில் முதலாவது, ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுக்கிற இரட்டை மாத்திரை, அதாவது ஆஸ்பிரினும் அதோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலாரும். வழக்கமாக ஒரு வருஷம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு டாக்டரே குறைத்துச் சொல்வார். இதைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து முழு அடைப்பு வரலாம், அது முதல் அட்டாக்கைவிடப் பல மடங்கு கொடியது. நிறுத்தியவர்களைக் கேட்டால் காரணங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். பல் பிடுங்கப் போனார், நிறுத்தச் சொன்னார்கள். டிகாக்ரெலார் போட்டதும் மூச்சு வாங்கினது மாதிரி இருந்தது (அது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்). உறவினர் ஒருவர் நாட்டு மருந்து கொண்டுவந்தார். கையில் காசு இல்லை. கடைசிக் காரணம்தான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனென்றால் அரசு மருத்துவமனையில் இவற்றில் பலவும் இலவசம், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் விலை மிகக் குறைவு. பல் பிடுங்குவது, சின்ன அறுவைச் சிகிச்சை எதுவானாலும், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையில் கை வைக்கக் கூடாது.

கொழுப்பு மாத்திரையைப் பற்றி இணையத்தில் வருகிற பயமுறுத்தல்களை நம்பி அதையும் விட்டுவிடுகிறார்கள். அட்டாக் வந்தவருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே ஐரோப்பிய வழிகாட்டல். "நார்மல்தான், 98" என்று லேப் தாளில் பச்சை நிறத்தில் வந்தால் அது அட்டாக் வராதவருக்கான நார்மல். ஆறு வாரத்தில் எடுத்துப் பாருங்கள், குறையவில்லை என்றால் எசெட்டிமிப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

இ.எஃப். குறைந்தவர் வீட்டில் ஒரு எடை பார்க்கும் கருவி வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துக் காலண்டரிலேயே எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு மூன்று கேட்க ஆரம்பித்தாலோ, ராத்திரி எழுந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் போனாலோ, கணுக்காலில் விரலால் அமுக்கினால் குழி விழுந்தாலோ, அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்த வீட்டில் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும்.

நடக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிக்கல் இல்லாதவர் டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்தே வீட்டுக்குள், அப்புறம் தெருவில், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். இரண்டு மாடி சிரமமில்லாமல் ஏற முடிகிறது என்றால் தாம்பத்தியத்துக்கும் பொதுவாகத் தடையில்லை, இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் மாதக்கணக்கில் மனசுக்குள் புழுங்குகிறார்கள். மனச்சோர்வையும் லேசாக எடுக்காதீர்கள். அட்டாக்குக்குப் பிறகு சோர்ந்துபோகிறவர்களிடம் இறப்பும் அதிகம் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். சாப்பாட்டில் மனம் இல்லை, பேச்சு குறைந்துவிட்டது, "நான் எதுக்கு" என்கிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டுக்குப் போகும்போது எடுத்த இ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோ ரிப்போர்ட், ஸ்டென்ட் கார்டு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்து வீட்டில் மூன்று பேர் போனிலாவது வைத்திருங்கள். அட்டாக் வந்தவரின் இ.சி.ஜி. அதன் பிறகு பல வருஷங்களுக்குப் பழைய தழும்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். நடுராத்திரியில் வேறு ஊர் மருத்துவமனையில் இருக்கிற டியூட்டி டாக்டருக்கு, கோட்டில் தெரிகிற மாற்றம் புதுசா பழசா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பழைய இ.சி.ஜி. ஒன்றுதான் உதவும். நெஞ்சில் பாரமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலியோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருவதற்குள் அந்த போட்டோக்களைக் கூடப்போகிறவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.